ஒரு தார்ப்பாயும் நாலு பருவமும்



நாம் முதலாம் ஆண்டு சேர்ந்த முதல் வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். "ஒவ்வொருத்தரா எழுந்து பேரு, ஊரு, அப்பா என்ன செய்யறாரு, பொழுதுபோக்கு என்னன்னு சொல்லுங்க" என்றார் சார். ஒருவன் கிரிக்கெட் என்றான். ஒருவன் தூக்கம் என்று சொல்லி அன்றைக்கே பெயர் வாங்கிக்கொண்டான். இன்னொரு நண்பன், "கேம்ப்பிங் சார்! போன லீவுக்கு ஃபேமிலியோட கொடைக்கானல்ல டென்ட் போட்டுத் தங்கினோம்" என்றான். வகுப்பே "ஓ...!" என்றது. அடுத்தது என் முறை.

"ஊரு ஆம்பூர் சார். அப்பா ஷூ கம்பெனியில சூப்பர்வைசர். பொழுதுபோக்கு டி.வி. பார்க்கிறது."

இதில் ஊர் மட்டும்தான் உண்மை!

மூன்று வருடமாக நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருக்கும் அந்தப் பொய்யை, படிப்பு முடிந்து போவதற்குள் இந்த மலரிலேயே பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பொறுமையோடு படியுங்கள்.

என் அப்பா டேனரியில் 'பீம் ஹவுஸ்' என்ற பகுதியில் வேலை பார்க்கிறார். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த தண்ணீரில் போட்டு முடி நீக்கும் இடம் அது. டேனரியிலேயே அதிகமாக நாறும் இடமும் அதுதான். எவ்வளவு சோப்பு போட்டாலும் அந்த வாசனை நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் அப்பா படிக்கட்டுப் பக்கம்தான் நிற்பார். சின்ன வயதில், காற்று வாங்குவதற்காக நிற்கிறார் என்று நினைத்திருக்கிறேன்.

அப்புறம் கேம்ப்பிங். அதுவும் எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் அதற்கு 'டேரா போடறது' என்று பெயர். எங்கள் டென்ட், தோல் லோடு லாரி மேல் மூடும் பழைய தார்ப்பாய். கிழிந்துபோனதென்று விற்றபோது அப்பா வாங்கி வந்து, கிழிசலுக்கெல்லாம் தோல் துண்டு வைத்துத் தானே தைத்தார். நாலு மூங்கில், பத்து முளை, ஒரு கட்டுக் கயிறு. முதல் தடவை விரித்தபோது அடித்த நாற்றத்தில் அம்மா, "இதுக்குள்ள படுக்கிறதுக்கு வெளியிலேயே படுத்துக்கலாம்" என்றாள். உண்மையில் பாதி ராத்திரி வெளியில்தான் படுப்போம்!

வருடத்துக்கு மூன்று நாலு தடவை போவோம். லாட்ஜுக்குக் கொடுக்கக் காசு கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் டேனரிக் காற்றையே சுவாசிக்க அப்பாவுக்கு மனசு கிடையாது. "ஆறு நாள் அங்க நிக்கிறவனுக்கு ஒரு ராத்திரியாச்சும் மேல ஓடு இல்லாம படுக்கணும்" என்பார்.

தை: ஆற்று மணல்

காணும் பொங்கலன்று எங்கள் டேரா பாலாற்றில். ஆமாம், ஆற்றங்கரையில் இல்லை, ஆற்றுக்குள்ளேயே! நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகம், ஆந்திரா தாண்டி, வாணியம்பாடிப் பக்கம் நம் மாநிலத்துக்குள் வந்து, கல்பாக்கம் அருகே வயலூரில் கடலில் சேரும் ஆறு. மொத்தம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில்தான். ஆனால் வருடத்தில் முக்கால்வாசி நாள் அதில் ஓடுவது மாட்டு வண்டியும் டூவீலரும்தான்.

பக்கத்து வீட்டு பாயம்மா தன் பெரிய டேக்சாவை இரவல் கொடுப்பார். சீரகச் சம்பாவில் பிரியாணி, கூடவே எண்ணெய்க் கத்திரிக்காய். மணலில் மூணு கல்லைக் கூட்டி அடுப்பு. தம் போட மூடிமேல் நெருப்பு அள்ளி வைப்பது என் வேலை. மீதியிருக்கும் பிரியாணியோடு டேக்சா திரும்பிப் போகும். வெறும் பாத்திரமாக அனுப்ப அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஆயா வழக்கமான கதையை ஆரம்பிப்பாள். "எங்க காலத்துல குடத்தோட வரமாட்டோம்டா. கையாலயே மணல நோண்டுவோம். முழங்கை ஆழத்துல ஊத்து வரும். இளநீ மாதிரி இருக்கும்." நானும் தங்கையும் ஒருமுறை நோண்டிப் பார்த்தோம். ஒரு ஆள் ஆழம் நோண்டியும் மணல் ஈரமானதோடு சரி. "அது வந்தாலும் குடிக்கிற தண்ணியா இருக்காது" என்றார் அப்பா.

ஏன் என்று அன்று புரியவில்லை. நம் காலேஜ் லைப்ரரியில் படித்தபோதுதான் புரிந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் தீர்ப்பு சொன்னது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிர் செய்ய உதவாமல் போய்விட்டதை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டமாக நிலைநாட்டிய தீர்ப்பு அது. கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, 2025 ஜனவரி 30 அன்றும் இதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்று எங்கள் ஊருக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் மேட்டூர்ப் பக்கமிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது. அதை கேனில் பிடித்துக்கொண்டு போய், பாலாற்று மணலில் உட்கார்ந்து குடிக்கிறோம். ஆயா ஒவ்வொரு வாய்க்கும் ஆற்றைப் பார்த்துக்கொள்வாள்.

வைகாசி: பலாப்பழம்

வெயில் கொளுத்தும்போது ஏலகிரி. ஜோலார்பேட்டை வழியாக ரயிலில் போனவர்கள் எல்லாரும் அந்த மலையைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 1,100 மீட்டர் உயரம். அடிவாரம் பொன்னேரி. அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரி, பாரதி என்று ஒவ்வொரு வளைவுக்கும் வள்ளல்கள், புலவர்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். ஏறும்போது பஸ், இறங்கும்போது நடை. இது அப்பாவின் சட்டம். ஏறும்போது நானும் தங்கையும் வளைவுகளை எண்ணுவோம். அம்மா கண்ணை மூடி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பாள்.

அத்தனாவூர் தாண்டி, நிலாவூர் போகும் பக்கம் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு மலைக்காரர் வீட்டு நிலத்தில் டேரா. காட்டுக்குள் போய்ப் படுக்கக் கூடாது, அது வனத்துறை இடம் என்பதில் அப்பா கண்டிப்பு. எட்டாவது படிக்கும்போது போனது மறக்காது. சாயங்காலம் வரை வானம் வெளேர் என்று இருந்தது. வாங்கிய பலாப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டுப் படுத்தோம். நடுராத்திரி பிடித்தது பாருங்கள் கோடை மழை! ஒரு காற்றில் இரண்டு முளை பிடுங்கிக்கொண்டது. தார்ப்பாய் தண்ணீரைத் தாங்கித் தொட்டில் மாதிரி தொங்கியது. "யாரும் அசையாதீங்க" என்று அப்பா கத்த, தங்கை தும்ம, மொத்தத் தண்ணீரும் அம்மா தலையில்!

மலைக்காரர் லாந்தரோடு ஓடி வந்து எங்களைத் தன் திண்ணைக்கு அழைத்துப் போனார். அவர் வீட்டம்மா அந்த நேரத்திலும் அடுப்பு மூட்டிக் கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டார். அப்பா திண்ணையின் ஓரத்தில் தள்ளியே உட்கார்ந்தார். அந்தப் பெரியவர், "இன்னா தள்ளிப் போறீங்க, சாரல் அடிக்குது, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அப்பாவின் தலை கொஞ்ச நேரம் நிமிரவேயில்லை. நான் களியில் கவனமாக இருந்ததால் அதற்கு அர்த்தம் புரியவில்லை.

காலையில் அப்பா சொன்ன பாடம் இது: "டேரா அடிக்கிறதுக்கு முன்னாடி சுத்தி வாய்க்கால் வெட்டியிருக்கணும். தண்ணிக்கு வழி விடலன்னா அது நம்மகிட்ட வழி கேட்காது." நண்பர்களே, வடிகால் பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான். நம் சிலபஸ் எல்லாம் அதற்கு அப்புறம்.

கார்த்திகை: வெள்ளம்

மழைக்காலத்தில் திருப்பத்தூர் பக்கம் ஜலகாம்பாறை. ஏலகிரியிலிருந்து இறங்கும் அட்டாறு அங்கே அருவியாகக் கொட்டும். காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவோம். அருவியில் நின்றால் அப்பா லேசில் வெளியே வரமாட்டார். உள்ளங்கையை விரித்துத் தண்ணீரில் காட்டிக்கொண்டே நிற்பார். சுண்ணாம்பு தின்ற கை அது. "எரிச்சல் அடங்குதுடா" என்பார்.

நான் பத்தாவது படித்தபோது, 2021 நவம்பரில், ஜலகாம்பாறைக்குப் போகவில்லை. அருவி எங்கள் ஊருக்கே வந்துவிட்டது! பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. எங்கள் தலைமுறையில் அப்படிப் பார்த்ததேயில்லை. 1903 நவம்பரில் வாணியம்பாடியை மூழ்கடித்த வெள்ளத்தைப் பற்றி ஆயா தன் பாட்டியிடம் கேட்ட கதைகளைச் சொன்னாள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய் ஆற்றை வேடிக்கை பார்த்தார்கள். கும்பிட்டவர்களும் உண்டு. நாங்கள் பொங்கலுக்கு டேரா போடும் இடத்தின் மேல் மரங்கள் மிதந்து போயின.

சந்தோஷம் நீடிக்கவில்லை. 19-ஆம் தேதி பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 9 பேர் இறந்துபோனார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். செய்தி கேட்ட ராத்திரி அப்பா எங்களைச் சுவரோரம் படுக்க விடவில்லை. நடுக்கூடத்தில் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு, அவர் உட்கார்ந்தே இருந்தார்.

பத்தாவது முடித்ததும், "என்ன குரூப்புடா எடுக்கப் போற?" என்று எல்லாரும் கேட்டபோது, "டிப்ளமோ, சிவில்" என்றேன். அந்தச் சுவர்தான் காரணமா என்றால் அப்போது எனக்கே தெரியாது.

நடுவில் ஒரு நாள்

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆண்டில் நம் வகுப்பைத் தொழிற்சாலை பார்க்க அழைத்துப் போனார்கள் அல்லவா? கழிவுநீர் சுத்திகரிப்பைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு டேனரியைச் சுற்றிக் காட்டினார்கள். உள்ளே நுழைந்ததும் நீங்கள் எல்லாரும் கர்ச்சீப்பை எடுத்தீர்கள். நானும் எடுத்தேன். எனக்கு அது தேவையே இல்லை. பிறந்ததிலிருந்து பழகிய வாசனை. ஆனாலும் எடுத்தேன்.

பெரிய மர டிரம் பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றவர் என் அப்பா.

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. என் மூக்கிலிருந்த கர்ச்சீப்பைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. உடனே திரும்பி, டிரம் கதவின் போல்ட்டை ஸ்பேனரால் முடுக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே முடுக்கியிருந்த போல்ட். என் பக்கத்தில் நின்ற நண்பன், "யாருடா அவரு, உன்னையே பார்த்தாரு?" என்றான்.

"தெரியல" என்றேன்.

அன்று ராத்திரி வீட்டில் அப்பா எதுவுமே கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான். அடிவாங்கியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மாசி: நட்சத்திரம்

அடுத்து வந்த மாசியில் ஒரு சனிக்கிழமை. "காவலூர் போலாமா?" என்றார் அப்பா. மாமாவின் குட்டி யானையில் தார்ப்பாய், டேக்சா, ஆயா எல்லாம் ஏறி, வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைப் பாதையில் போனோம். வழியில் கடுக்காய் மரங்களைக் கண்டதும் ஆயாவுக்கு உற்சாகம். "உங்க தாத்தா காலத்துல ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதம் பண்ணுவாங்க. அந்த வாசன வேற, இந்த வாசன வேற." பாதி பதப்படுத்திய தோலை ஏற்றுமதி செய்வதற்கு 1970-களில் அரசு கட்டுப்பாடு போட்டு, முழுதாக முடித்த தோலும் செருப்பும்தான் போக வேண்டும் என்றான பிறகு, எங்கள் பக்கம் பட்டை குறைந்து குரோமியம் பெருகியது. மலையிலிருந்து வந்த மருந்து நின்று, டிரம்மில் வந்த ரசாயனம் நிலைத்தது.

காவலூரில் இருப்பது வைணு பாப்பு வானாய்வகம். இருட்டான வானத்தைத் தேடி வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை 1986-ல் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்து, அவர் பெயரையே வைத்தார். யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் இருப்பதை 1977-ல் பதிவு செய்த இடங்களில் இதுவும் ஒன்று. 1988-ல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மாவட்டப் பக்கத்து மலையில் இவ்வளவு இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

பொதுமக்களுக்கு வைத்திருந்த சிறிய தொலைநோக்கியில் வியாழனைக் காட்டினார்கள். அப்பா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கருவியைத் தொடாமல், குனிந்து பார்த்தார். "பக்கத்துல நாலு பொட்டு தெரியுதே, அது இன்னா சார்?" அதன் நிலாக்கள் என்றார் அங்கிருந்தவர். "நாலா! பெரிய குடும்பம்தான்" என்றார் அப்பா. வரிசையே சிரித்தது.

ஆலங்காயம் பக்கம் மாமாவின் சிநேகிதர் மாந்தோப்பில் டேரா. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நானும் அப்பாவும் தார்ப்பாய்க்கு வெளியே மல்லாந்து படுத்திருந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவரே பேசினார்.

"அன்னிக்கு உங்க சாரு கேட்ட கேள்விக்கு, சுத்திக் காட்டுன ஆளு தப்பா பதில் சொன்னாரு நைனா."

"எந்தக் கேள்விப்பா?"

"எல்லாத் தண்ணியும் ஒரே கால்வாயில போகுமான்னு கேட்டாரு. ஆமான்னுட்டாரு. அப்பிடி விடக்கூடாது. சுண்ணாம்புத் தண்ணியில சல்ஃபைடு இருக்கும். அதுல ஆசிட் தண்ணி சேர்ந்தா விஷக் காத்து வரும். முதல்ல அழுகின முட்ட மாதிரி நாறும். அப்புறம் நாத்தமே தெரியாது. நாத்தம் நின்னுச்சுன்னா ஆள் காலின்னு அர்த்தம். நாறுற வரைக்கும் உசுரு இருக்குது. நீ பரீட்சையில தப்பா எழுதிடப் போற."

கர்ச்சீப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் தொண்டை அடைத்துக்கொண்டது. "அப்பா, அன்னிக்கு நான்..." என்று இழுத்தேன். அவர் காதில் விழாதது போல மேலே தொடர்ந்தார்.

"2015-ல ராணிப்பேட்டையில கழிவுத் தொட்டி செவுரு இடிஞ்சி பத்து பேரு செத்தாங்களே, ஞாபகம் இருக்குதா? உனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும். பெரும்பாலும் வெளிமாநிலத்துல இருந்து பொழைக்க வந்த பசங்க. பக்கத்து டேனரியில படுத்துத் தூங்கிகினு இருந்தாங்க. நாம இப்ப படுத்திருக்கோம் பாரு, அது மாதிரிதான். தொட்டிக்குள்ள எவ்ளோ சேறு இருக்குது, செவுரு எவ்ளோ தாங்கும்னு யாரோ ஒருத்தர் கணக்குப் போட்டிருக்கணும் இல்ல? நீ அந்தக் கணக்குப் போடற படிப்பு படிக்கிற. நாளைக்கு எந்தச் செவுரு கட்டினாலும், அதுக்கு அந்தாண்ட பக்கம் ஒருத்தன் தூங்கறான்னு நெனச்சிக் கட்டு."

அப்புறம் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார். சிறிது நேரத்தில் குறட்டை. நான் விடிய விடிய நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தார்ப்பாயின் வாசனை காற்றில் வந்தது. அன்றைக்கு அது எனக்கு நாறவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மையில் நாறியது. அது என் அப்பாவின் உழைப்பு என்று தெரிந்துதான் மூச்சை இழுத்தேன்.

நண்பர்களே! நாம் டிப்ளமோ முடித்துப் போகிறோம். சிலர் பி.இ. சேரலாம், சிலர் சைட்டுக்குப் போகலாம், சிலர் அரியர் எழுத மறுபடி இங்கேயே வரலாம்! எங்கே போனாலும் வருடத்துக்கு ஒரு ராத்திரியாவது குடும்பத்தோடு கூரையில்லாத இடத்தில் படுத்துப் பாருங்கள். ரிசார்ட் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். வீட்டில் பேச முடியாத பேச்செல்லாம் அங்கே தானாக வரும். முகம் தெரியாத இருட்டில் மன்னிப்புக் கேட்பது சுலபம். கேட்காமலே மன்னிப்பதும் சுலபம் என்பதை என் அப்பாவிடம் கற்றுக்கொண்டேன்.

முதலாம் ஆண்டு வகுப்பில் சொன்னதைத் திருத்தி எழுதுகிறேன்: ஊர் ஆம்பூர். அப்பா டேனரியில் சுண்ணாம்பு வேலை பார்க்கிறார். பொழுதுபோக்கு, டேரா போடுவது.

அடுத்த காணும் பொங்கலுக்கு ஆற்று மணலுக்கு வாருங்கள். பிரியாணி எங்கள் வீட்டுப் பொறுப்பு. கர்ச்சீப் மட்டும் எடுத்து வர வேண்டாம்.

மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு